உடல் சிறியவர்கள் எடை குறைக்கும்போது எத்தனை கலோரிக்குக் கீழே போகக் கூடாது? வழிகள் ஓர் ஒப்பீடு

"தினமும் 500 கலோரி குறையுங்கள், வாரம் அரை கிலோ இறங்கும்" என்ற ஆலோசனை எங்கும் கிடைக்கிறது. 178 செ.மீ. உயரம், 85 கிலோ எடை, 35 வயது, ஓரளவு நடமாட்டம் உள்ள ஆணுக்கு இது தவறில்லை. அவர் உடல் நாளொன்றுக்குச் சுமார் 2,450 கலோரி செலவழிக்கிறது. 500 போனாலும் 1,950 மிஞ்சும். குறைத்தது ஐந்தில் ஒரு பங்குதான்.

அதே ஆலோசனையை 150 செ.மீ. உயரம், 55 கிலோ எடை, 35 வயதுள்ள, நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணிடம் சொல்லிப் பாருங்கள். அவருடைய செலவே 1,400 கலோரி அளவுதான். 500 போனால் 900. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெட்டியாகிவிட்டது. மருத்துவக் கண்காணிப்பில் மட்டும் கொடுக்கப்படும் 800 கலோரி உணவுமுறை அங்கிருந்து எட்டிவிடும் தூரம்தான். எடை இறங்காதபோது "நான் ஒழுங்காக இல்லையோ" என்று இவர் தன்னையே நொந்துகொள்கிறார். பிசகு அவரிடம் இல்லை, பெரிய உடலுக்குப் போட்ட கணக்கை அப்படியே அவருக்குக் கொடுத்ததில் இருக்கிறது.

இந்தப் பெண்ணையே உதாரணமாக வைத்து ஒவ்வொரு வழியையும் பார்ப்போம். உங்கள் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் செலவுக் கணக்கு

படுத்தே இருந்தாலும் மூச்சுக்கும் இதயத்துக்கும் மூளைக்கும் உடல் வெப்பத்துக்கும் போகும் கலோரியை பி.எம்.ஆர். என்கிறோம். 1990-ல் வெளியான மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரம்தான் இன்று அதிகம் பயன்படுகிறது: எடையை (கிலோ) 10-ஆல் பெருக்குங்கள், உயரத்தை (செ.மீ.) 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். பெண் என்றால் 161 கழியுங்கள், ஆண் என்றால் 5 கூட்டுங்கள். நம் உதாரணத்துக்கு 550 + 937.5 − 175 − 161, அதாவது சுமார் 1,150.

இதை நடமாட்டத்துக்கான ஓர் எண்ணால் பெருக்கினால் எடை ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் அளவு வரும். இதை 'நிலை அளவு' என்று வைத்துக்கொள்வோம். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இணையக் கால்குலேட்டர்கள் "உட்கார்ந்த வாழ்க்கை" என்றால் 1.2-ஆல் பெருக்குகின்றன. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் உட்கார்ந்த வாழ்க்கைக்கான வரிசையே 1.4-ல்தான் தொடங்குகிறது. ஒன்றின்படி 1,380, மற்றொன்றின்படி 1,610. இடையில் 230 கலோரி. சிறிய உடல் ஒரு நாளில் பத்திரமாகக் குறைக்கக்கூடியதே ஏறக்குறைய அவ்வளவுதான். இதற்கு மேல் சூத்திரத்துக்கே சொந்தமான பிழை வேறு: பலருக்கு அது 10 சதவீதத்துக்குள் சரியாக வரும், சிலருக்கு அதையும் தாண்டிப் பிசகும்.

ஆகவே சூத்திரம் தருவது தொடக்க ஊகம். முடிவெடுக்க வேண்டியது அளந்த எண்ணை வைத்து. அளக்கும் முறையைப் பின்னால் சொல்கிறேன். இப்போதைக்கு நம் உதாரணப் பெண்ணின் நிலை அளவு 1,400.

எல்லாருக்கும் 1,200 என்ற வழி

பெண்களுக்கு 1,200, ஆண்களுக்கு 1,500 என்ற எண்கள் வெறும் வாய்ச்சொல் அல்ல. 2013-ல் அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் வெளியிட்ட உடல் பருமன் வழிகாட்டுதலில் பெண்களுக்கு 1,200–1,500, ஆண்களுக்கு 1,500–1,800 என்ற வரம்பு இருக்கிறது. அதற்கடுத்தே 500 அல்லது 750 கலோரி குறைப்பது என்ற இன்னொரு தெரிவும் உண்டு. இவை மருத்துவரிடம் வரும் பருமனான பொதுமக்களை மனத்தில் வைத்துச் சொன்னவை. 150 செ.மீ. உயரத்தில் ஐந்து கிலோ மட்டும் குறைக்க நினைப்பவர் அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் நிற்பவர்.

நம் உதாரணத்துக்கு 1,200 என்றால் நாளுக்கு 200 கலோரி குறைவு, 14 சதவீதம். வாரத்துக்குச் சுமார் 180 கிராம் கொழுப்பு. மெதுவான, பத்திரமான வேகம். ஆனால் இது தற்செயலாகப் பொருந்திய எண். 145 செ.மீ., 52 கிலோ, 60 வயதுப் பெண்ணுக்கு பி.எம்.ஆர். 965 வரும். அதிகம் நடமாடாதவர் என்றால் நிலை அளவே 1,160 அளவில் நிற்கக்கூடும். அவர் 1,200 சாப்பிட்டால் எடை ஏறுமே தவிர இறங்காது. மறுபக்கம், அன்றாடம் ஒரு மணி நேரம் ஓடும் இளம் பெண்ணுக்கு 1,200 ஆபத்தான அளவுக்குக் குறைவு.

சிறிய ஆண்களுக்கும் இதே கதைதான். 160 செ.மீ., 58 கிலோ, 40 வயது ஆணுக்கு பி.எம்.ஆர். 1,385, நிலை அளவு 1,660 அளவு. 1,500-க்குக் கீழே போகாதே என்றால் அவர் குறைப்பது வெறும் 160. ஒரு மாதம் கழித்தும் தராசு அசையவில்லை என்று விட்டுவிடுவார்.

எண்ணைவிட விகிதம் முக்கியம் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1944–45-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 36 இளைஞர்களுக்கு 24 வாரம் நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி மட்டும் கொடுத்து ஆராய்ந்தார். அது அவர்கள் தேவையில் பாதி. எடையில் கால் பங்கு போயிற்று. எந்நேரமும் உணவு நினைப்பு, தாங்காத குளிர், சோர்வு, மனத்தளர்ச்சி எல்லாம் வந்தன. அதே 1,570-ஐ நம் உதாரணப் பெண் சாப்பிட்டால் எடை கூடும்.

பி.எம்.ஆருக்குக் கீழே போகாதே என்ற வழி

1,200-ஐவிட இது ஒரு படி மேல், ஏனென்றால் எண் அவரவர் உடலிலிருந்து வருகிறது. நம் உதாரணத்துக்கு 1,150, நாளுக்கு 250 குறைவு, 18 சதவீதம். நன்றாகவே இருக்கிறது.

ஆனால் இந்த விதியின் உள்ளே ஓர் ஓட்டை உண்டு. நிலை அளவு என்பதே பி.எம்.ஆரை ஓர் எண்ணால் பெருக்கி வந்தது. உட்கார்ந்திருப்பவர் (1.2) பி.எம்.ஆர். அளவுக்குச் சாப்பிட்டால் எப்போதும் 17 சதவீதம் குறைவு. இலேசாக நடமாடுபவர் (1.375) அதையே செய்தால் 27 சதவீதம். நன்றாக உழைப்பவர் (1.55) செய்தால் 35 சதவீதம். அதாவது யாருக்கு அதிக உணவு வேண்டுமோ அவரைத்தான் இந்த விதி அதிகம் பட்டினி போடுகிறது. பி.எம்.ஆர். என்ற கோட்டில் உடலுக்குள் எந்தக் கதவும் அடைபடுவதில்லை. குறைவதைக் கொழுப்பிலிருந்து உடல் எடுத்துக்கொள்ளும். நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு இந்த விதி போதும். உடற்பயிற்சி செய்பவருக்குப் போதாது.

கொழுப்பு நீங்கிய எடையிலிருந்து வரும் வரம்பு

விளையாட்டு மருத்துவத்தில் இன்னொரு கணக்கு புழங்குகிறது. சாப்பிட்ட கலோரியிலிருந்து உடற்பயிற்சியில் போனதைக் கழியுங்கள். மிஞ்சியதுதான் உறுப்புகளுக்கும் ஹார்மோன்களுக்கும் எலும்புக்கும் கிடைக்கும் பங்கு. உடல் எடையில் கொழுப்பு நீங்கலான ஒவ்வொரு கிலோவுக்கும் இது 30 கலோரிக்குக் கீழே இறங்கியபோது, மாதவிடாயை நடத்தும் எல்.எச். ஹார்மோனின் துடிப்பு குலைந்ததை ஆன் லௌக்ஸ் 2003-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதில் பங்கேற்றவர்கள் இளம் பெண்கள். சில நாள் சோதனை. 30 என்பது எல்லாருக்கும் ஒரே கோடு அல்ல. சிலருக்கு அதற்கு மேலேயே தொல்லை வரும். ஆனாலும் சிறிய உடலுக்கு ஏற்ற, உடற்பயிற்சியையும் கணக்கில் எடுக்கும் வரம்பு இது ஒன்றுதான். கீழ் வரம்பைத் தீர்மானிக்க நான் முதலில் போடுவது இந்தக் கணக்கைத்தான்.

நம் உதாரணப் பெண்ணுக்குக் கொழுப்பு 34 சதவீதம் என்று வைப்போம். இந்த எடை–உயர விகிதத்தில் அது சாதாரணம். மிச்சம் 36 கிலோ. 36 × 30 = 1,080. உடற்பயிற்சி இல்லாத நாளில் இதுவே அடி மட்டம். 180 கலோரி செலவாகும் அளவுக்குப் பயிற்சி செய்தால் 1,260. காலில் மின்சாரம் பாய்ச்சிக் கொழுப்பை அளக்கும் வீட்டுத் தராசுகள் நிறையப் பிசகும் என்பதால், அதில் வரும் எண்ணை அப்படியே நம்பாமல் கொழுப்புச் சதவீதத்தைக் கொஞ்சம் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். வரம்பு சற்று உயரும், பாதுகாப்பான பக்கம்.

குறைவாகச் சாப்பிடுவதா, கொஞ்சம் அதிகம் நடந்து அதிகம் சாப்பிடுவதா

உண்மையான தேர்வு இந்த இரண்டுக்கும் இடையில்தான். எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள்.

உட்கார்ந்தே இருந்து 1,150 சாப்பிட்டால் நாளுக்கு 250 குறைவு. வாரம் சுமார் 230 கிராம்.

அதே பெண் தினமும் 5 கி.மீ. நடக்கிறார் என்று வையுங்கள். நடையின் நிகரச் செலவு ஒரு கிலோ எடைக்கு, ஒரு கி.மீட்டருக்கு ஏறத்தாழ அரை கலோரி. 55 × 5 × 0.5 = சுமார் 140. வாரத்தில் மூன்று நாள் 40 நிமிடம் எடை தூக்கும் பயிற்சி. ஒவ்வொரு முறையும் 100 கலோரி, சராசரியாக நாளுக்கு 40. ஆக 180 கூடி நிலை அளவு 1,580 ஆகிறது. இவர் 1,280 சாப்பிடலாம். குறைவு 300, 19 சதவீதம், வாரம் 270 கிராம். முதல் வழியைவிட 130 கலோரி அதிகம் சாப்பிட்டு, அதிகமாகவும் குறைக்கிறார். மேலே சொன்ன 1,260 என்ற வரம்புக்கும் மேலேயே இருக்கிறார்.

பெரிய உடல்காரர்களுக்கு "உணவுதான் முக்கியம், உடற்பயிற்சி அப்புறம்" என்று சொல்வது பொருந்தலாம். சிறியவர்களுக்கு நான் அப்படிச் சொல்ல மாட்டேன். உணவுப் பக்கம் வெட்ட இடமே இல்லாதபோது செலவுப் பக்கத்தை உயர்த்துவது தவிர வேறு நல்ல வழி கிடையாது. எடை தூக்கும் பயிற்சியில் செலவாகும் கலோரி சொற்பம்தான். அது இல்லாமல் குறைத்தால் போகும் எடையில் தசையும் கணிசமாகப் போகும், அப்புறம் பி.எம்.ஆரும் இறங்கும். அதனால்தான் அது பட்டியலில் இருக்கிறது.

ஸ்மார்ட் வாட்சும் டிரெட்மில்லும் காட்டும் எண்ணை இந்தக் கணக்கில் போடாதீர்கள். எடையைப் பதியாத இயந்திரம் பெரிய உடலை நினைத்துக் கணக்குப் போடும். சும்மா இருந்தாலும் செலவாகியிருக்கும் கலோரியையும் சேர்த்தே காட்டும். 140 கலோரி நடைக்கு 250, 300 என்று காட்டினால், "சம்பாதித்ததைச் சாப்பிடலாம்" என்று சாப்பிட்ட அன்றே அந்த நாளின் குறைவு பாதியாகிவிடும். 10,000 காலடி என்ற இலக்கும் அப்படியே. 150 செ.மீ. உயரக்காரரின் ஓர் அடி சுமார் 62 செ.மீ.; 10,000 அடி என்றால் 6.2 கி.மீ., 170 கலோரி. 178 செ.மீ. உயரக்காரர் அதே 10,000 அடியில் 7 கி.மீட்டருக்கும் மேல் போய்விடுவார். எடையும் அதிகம் என்பதால் செலவு அவருக்கு இரு மடங்கை நெருங்கும்.

வாரத்தில் இரண்டு நாள் மட்டும் குறைப்பது

ஐந்து நாள் வழக்கம்போல், இரண்டு நாள் 500 கலோரி என்பது பரவலான முறை. நம் உதாரணத்துக்கு அந்த இரண்டு நாளிலும் 900 வீதம் குறையும்; வாரச் சராசரி நாளுக்கு 257. தாளில் பார்த்தால் 1,150 வழிக்கு இணை. நடைமுறையில் இரண்டு இடத்தில் இடறும். 500 கலோரி நாளில் தேவையான புரதத்துக்கே 300-க்கு மேல் போய்விடும். மிச்சத்தில் வேறெதுவும் அடங்காது. அடுத்த நாள் பசியில் 450 கூடுதலாகச் சாப்பிட்டால் முந்தைய நாளின் பலனில் பாதி காலி. நிலை அளவு சிறியதாக இருப்பதால் வழக்கமான ஐந்து நாளிலும் தாராளம் காட்ட முடியாது.

தினமும் சின்னத் தட்டைப் பார்ப்பது வேதனையாக இருப்பவர்களுக்கு இதன் மென்மையான வடிவம் ஒத்துவரும்: இரண்டு நாள் 800, ஐந்து நாள் 1,300. சராசரிக் குறைவு 243. அந்த இரண்டு நாளும் அடுத்தடுத்து வரக் கூடாது. பயிற்சி நாளிலும் வரக் கூடாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவர் அளவைத் திருத்தித் தராமல் இதைத் தொடவே கூடாது.

800-ம் அதற்குக் கீழும்

வேகமாக இறக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பிரிட்டனில் நடந்த டைரெக்ட் ஆய்வில் (2017) நாளுக்கு 825–853 கலோரி கொடுத்து, ஓராண்டில் 46 சதவீதத்தினருக்கு இரண்டாம் வகை சர்க்கரை நோய் தணிந்தது உண்மை. அங்கே கொடுத்தது எல்லாச் சத்தும் சேர்த்துத் தயாரித்த பானம். மருத்துவக் குழு மாத்திரைகளை நிறுத்தித் தொடர்ந்து பார்த்துக்கொண்டது. பங்கேற்றவர்கள் அதிக எடை கொண்டவர்கள். அந்த எண்ணை மட்டும் எடுத்து வந்து வீட்டுச் சாப்பாட்டில் கடைப்பிடித்தால் பித்தப்பைக் கல், உப்புச் சமநிலைக் கோளாறு, தசையிழப்பு எல்லாம் வரக்கூடும். ஐந்து பத்து கிலோ குறைக்க விரும்பும் சிறிய உடல்காரருக்கு இந்த வழி வேண்டாம். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

குறைக்காமலேயே இருப்பதும் ஒரு வழி

இதை யாரும் வழியாகவே எண்ணுவதில்லை. 150 செ.மீ. உயரத்துக்கு பி.எம்.ஐ. (கிலோ எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்து வரும் எண்) 18.5 முதல் 25 வரை என்பது சுமார் 42 முதல் 56 கிலோ. ஆசிய வம்சாவளியினருக்கு 23-லிருந்தே, அதாவது 52 கிலோவுக்கு அருகிலேயே, சர்க்கரை நோய்க்கான அபாயம் கூடத் தொடங்கலாம் என்று உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2004-ல் சொன்னது. இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள், இங்கே 75 செ.மீ.க்குள், இருக்கிறதா என்று பாருங்கள். எடை 50, இடுப்பு 72, "இன்னும் ஐந்து கிலோ போனால் நன்றாக இருக்கும்" என்ற நிலையில் இருப்பவர் கலோரி குறைக்கத் தேவையில்லை. நிலை அளவிலேயே சாப்பிட்டு, புரதத்தைக் கூட்டி, வாரம் மூன்று நாள் எடை தூக்கினால் தராசு அசையாமலேயே இடுப்பு குறையும். ஆறு மாதம் பிடிக்கும். கலோரிப் பஞ்சம் மட்டும் இருக்காது.

தட்டில் என்ன மிஞ்சுகிறது

கீழ் வரம்பைக் கலோரி மட்டும் தீர்மானிப்பதில்லை. உணவைக் குறைத்தாலும் சத்துத் தேவை குறையாது. புரதத் தேவை கூடவே செய்யும். சாதாரண நாளில் ஒரு கிலோ எடைக்கு 0.8 கிராம் புரதம் போதும் என்றால், எடை குறைக்கும்போது 1.2 முதல் 1.6 கிராம் வேண்டும்.

நம் உதாரணத்துக்கு 1.4 என்று வைத்தால் 77 கிராம், 308 கலோரி. கொழுப்பு கிலோவுக்கு 0.7 கிராம் வீதம் 38 கிராம். சுமார் 345 கலோரி. இரண்டும் சேர்ந்து 650 அளவு. இவற்றைத் தொடக் கூடாது. இனி மிச்சத்தைப் பாருங்கள்: 900 கலோரித் திட்டத்தில் தானியம், காய், பழம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 250 கலோரிதான், 60 கிராம் மாவுச்சத்து. 1,150-ல் 500 கலோரி, 125 கிராம். 1,280-ல் 630 கலோரி; 155 கிராமுக்கு மேல். 900-ல் நார்ச்சத்து 20 கிராமை எட்டுவதே போராட்டம். சில வாரங்களில் மலச்சிக்கலும் இரவு நேர அகோரப் பசியும் வருவது பெரும்பாலும் இதனால்தான்.

இரும்புச்சத்து இன்னும் கடினம். மாதவிடாய் உள்ள பெண்களுக்கு அமெரிக்கப் பரிந்துரை நாளுக்கு 18 மி.கி. பலவகை கலந்த சாதாரண உணவில் 1,000 கலோரிக்குச் சுமார் 6 மி.கி. இரும்புதான் இருக்கும். 1,150 கலோரியில் 7 மி.கி. கிடைத்தால் பெரிது. கால்சியம் 1,000 மி.கி. என்பதும் இதே நெருக்கடிதான். ஆகவே 1,200-க்குக் கீழே எத்தனை வாரம் இருப்பதாக இருந்தாலும், தொடங்கும் முன் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுங்கள். மாத்திரை வேண்டுமா என்பதை அந்த முடிவை வைத்து மருத்துவர் சொல்லட்டும். இரும்பைத் தானாக விழுங்கிக்கொண்டே இருப்பதும் கேடுதான்.

நிலை அளவை அளப்பது எப்படி

ஐந்து வாரம் வேண்டும். இந்த நாட்களில் எதையும் குறைக்காதீர்கள், வழக்கம்போல் சாப்பிடுங்கள். சாப்பிடும் எல்லாவற்றையும் கிராமில் நிறுத்து எழுதுங்கள். காலையில் கழிவறை போய்வந்ததும், ஏதும் உண்ணும் குடிக்கும் முன், எடை பாருங்கள். முதல் வாரத்து ஏழு எடைகளின் சராசரியையும் ஐந்தாம் வாரத்துச் சராசரியையும் ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் நடுவே 28 நாள். மாதவிடாய்ச் சுழற்சியில் நீர் கோத்து ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும். சுழற்சியின் ஒரே கட்டத்தில் இரு எடையும் விழ வேண்டும் என்பதற்காகத்தான் ஐந்து வாரம். சுழற்சி 28 நாளாக இல்லாதவர்கள் அதற்கேற்ப இடைவெளியை மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு கிலோ உடல் கொழுப்புக்கு 7,700 கலோரி என்று வைத்து, எடை மாற்றத்தை அதால் பெருக்கி, 28-ஆல் வகுங்கள். எடை இறங்கியிருந்தால் சராசரி உணவோடு கூட்டுங்கள், ஏறியிருந்தால் கழியுங்கள். தினசரிச் சராசரி 1,350 சாப்பிட்டு, எடை 55.2-லிருந்து 55.0-க்கு இறங்கியிருந்தால்: 0.2 × 7,700 = 1,540; 28-ஆல் வகுத்தால் 55. நிலை அளவு 1,405. அங்கிருந்து 15 முதல் 20 சதவீதம் குறையுங்கள். வந்த எண் மேலே கண்ட கீழ் வரம்பைவிடத் தாழ்ந்தால் வரம்பிலேயே நின்றுகொள்ளுங்கள்.

இந்த முறையில் இன்னொரு நன்மை உண்டு. நீங்கள் வழக்கமாகக் கொஞ்சம் குறைத்தே எழுதுபவராக இருந்தாலும், அதே பழக்கத்தோடு அளந்த நிலை அளவிலிருந்துதான் கழிக்கிறீர்கள் என்பதால் குறைவு சரியாகவே வரும். எழுதும் பழக்கம் நடுவில் மாறினால்தான் கெடும்.

எங்கே கெடுகிறது

250 கலோரி என்பது மிகச் சிறிய இடைவெளி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 14 கிராம், 120 கலோரி. அளக்காமல் ஊற்றிய இரண்டு கரண்டியில் அன்றைய குறைவு தீர்ந்துவிடும். எண்ணெய்ப் பாட்டிலைத் தராசில் வைத்து, ஊற்றியபின் குறைந்த கிராமைப் பார்ப்பதுதான் சரியான வழி. 30 கிராம் கொட்டைப் பருப்பு 175 கலோரி. வேகாத அரிசி 100 கிராம் 350 கலோரி, வெந்த சோறு 100 கிராம் 130. கலோரி கணக்கிடும் செயலியில் ஒன்றுக்குப் பதில் மற்றதைத் தேர்ந்தெடுத்தால் கணக்கு இரண்டரை மடங்கு பிசகும். பொட்டல உணவில் அச்சிட்ட கலோரியைவிட 20 சதவீதம் வரை கூடுதலாக இருக்க அமெரிக்க விதிகளே இடம் தருகின்றன. இவை எல்லாம் பெரிய உடலுக்கும் உண்டு, ஆனால் அங்கே 500 கலோரி இடைவெளி அவற்றைத் தாங்கிக்கொள்ளும்.

இரண்டாவது, பொறுமை போவது. வாரம் 250 கிராம் இறங்கும்போது, மாதவிடாய்ச் சுழற்சியில் கோக்கும் ஒரு கிலோ நீர் அதை முழுக்க மறைத்துவிடும். மூன்றாம் வாரம் தராசு அசையவில்லை என்று இன்னும் 200 குறைப்பதுதான் இங்கே நடக்கும் மோசமான தவறு. சுழற்சியின் அதே கட்டம் வரும்வரை காத்திருங்கள். அப்போதும் அசைவில்லை என்றால் எழுதும் முறையைச் சரிபாருங்கள். அது சரியென்றால் 2 கி.மீ. நடையைக் கூட்டுங்கள், அல்லது வரம்புக்கு மேல் இடமிருந்தால் 100 கலோரி குறையுங்கள். ஐந்து கிலோவுக்கு 20 வாரம் என்று கணக்கு சொன்னாலும் ஆறு ஏழு மாதம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். எடை இறங்க இறங்கச் செலவும் இறங்கும். ஒவ்வொரு இரண்டு மூன்று கிலோவுக்கும் கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

உடல் கொடுக்கும் எச்சரிக்கைகள் வேறு. மாதவிடாய் தள்ளிப்போவது, மற்றவர்களுக்குக் குளிராதபோது உங்களுக்கு மட்டும் குளிர்வது, எழுந்து நின்றால் தலைசுற்றல், நடு இரவில் விழிப்பு, உணவைத் தவிர வேறு நினைப்பு ஓடாமை: இவற்றில் ஒன்று தொடர்ந்தாலும் அன்றே நிலை அளவுக்குத் திரும்புங்கள், எத்தனை கிலோ மிச்சம் இருந்தாலும். முடி கொட்டுவது இரண்டு மூன்று மாதம் பிந்தித்தான் தெரியும். சீராக வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதம் வராமல் போனால் மருத்துவரைப் பாருங்கள். எலும்பு தேயத் தொடங்குவது வெளியே தெரியாது.

கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், 18 வயது நிரம்பாதவர்கள், உண்ணல் கோளாறு இருந்தவர்கள், சிறுநீரக நோயாளிகள் ஆகியோருக்கு இந்தக் கட்டுரையின் எண்கள் எதுவும் பொருந்தாது. 65-ஐத் தாண்டியவர்களுக்குத் தசையைக் காப்பதே எடையைவிட முக்கியம். மருத்துவர் சொன்னால் மட்டும் குறைக்கலாம்.

யாருக்கு எந்த வழி

நடக்க முடிந்த பெரும்பாலானவர்களுக்கு என் தேர்வு: அளந்த நிலை அளவு, நடையும் எடைப் பயிற்சியும், 15–20 சதவீதக் குறைவு, கொழுப்பு நீங்கிய எடையிலிருந்து வந்த வரம்பு. மூட்டு வலியாலோ வேறு காரணத்தாலோ நடக்க இயலாதவர் பி.எம்.ஆர். அளவில் நின்று, வாரம் 200 கிராம் என்ற வேகத்தை ஏற்றுக்கொள்ளலாம். மேலே சொன்ன 52 கிலோ, 60 வயதுப் பெண் 1,160-லிருந்து வெட்டத் தொடங்கக் கூடாது. நடையால் 150 கூட்டி நிலை அளவை 1,310 ஆக்கிக்கொண்டு, 1,110 சாப்பிடலாம். அதுவும் 1,200-க்குக் கீழே என்பதால் டயட்டீஷியன் ஒருவர் தட்டைத் திட்டமிட்டுத் தர வேண்டும். இலக்குக்கு ஐந்து கிலோவுக்குள் இருந்து, இடுப்பும் அளவுக்குள் இருப்பவர் குறைக்காமல் பயிற்சி மட்டும் செய்யட்டும்.

இலக்கை எட்டியதும் ஒரே நாளில் பழைய உணவுக்குத் திரும்பாதீர்கள். 50 கிலோ உடலின் பி.எம்.ஆர். 1,100 தான், 55 கிலோவின் 1,150 அல்ல. வாரத்துக்கு 100 கலோரி வீதம் கூட்டிப் புதிய நிலை அளவைக் கண்டுபிடியுங்கள். மாவுச்சத்து திரும்பச் சேரும்போது அதோடு நீரும் சேர்ந்து முதல் பத்து நாளில் அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை ஏறும். அது கொழுப்பு அல்ல. அந்த ஏற்றத்தைக் கண்டு உணவைத் திரும்ப வெட்டாமல், இரண்டு வாரச் சராசரி நிலைத்தபின் அதையே உங்கள் எடையாக எழுதிக்கொள்ளுங்கள்.